கயிறு படாத கார்

பட்டறையில் நின்றது காரின் வெறுங்கூடு. எஞ்சின் இல்லை, கதவு இல்லை, சக்கரம்கூட இல்லை. அதை டிரெய்லரில் ஏற்றி, பெயிண்ட் அடிக்க மதுரைக்குக் கொண்டுபோக வந்தவன் சேவுகன். வருஷம் முழுக்க வண்டியில் அவன் தனி ஆள்தான்.

கூட்டை டிரெய்லரில் ஏற்றிவிட்டு, இறுக்கிக் கட்ட அவன் பெல்ட்டைக் கையில் எடுத்ததுமே கார் முதலாளி தேனப்பன் குதித்தார்.

"எங்க தாத்தா கார்யா! கயிறு, பெல்ட் எதுவும் மேல படக்கூடாது. ஆனா இம்மிகூட ஆடவும் கூடாது. முடியாதுன்னா இனிமே என் சரக்கு எதுவும் உனக்குக் கிடையாது!"

"சரிங்க முதலாளி. அப்ப ஆடாம பிடிச்சுக்க உள்ளே ஒரு ஆள் வேணும். உங்க தாத்தா காரை வேற ஆள் தொடலாமா?"

பட்டறையே வேடிக்கை பார்த்தது. தேனப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். சீட்டில்லாத தகரத்தில் குந்தி, கதவில்லாத வாசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

சேவுகன் ஆமை வேகத்தில்தான் ஓட்டினான். தெருமுனை வேகத்தடையில் கூடு ஒரு துள்ளு துள்ளியது. முதலாளி இரண்டு துள்ளு துள்ளினார்.

"யோவ், நிறுத்துய்யா! கட்டு! இருக்கிற பெல்ட்டையெல்லாம் போட்டுக் கட்டு!"

"கட்டுறேன் முதலாளி. நீங்க முதல்ல இறங்குங்க."

அவர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். சேவுகன் கூட்டை இறுக்கிக் கட்டிவிட்டுக் கிளம்பினான். பைபாஸில் ஏறிய பிறகுதான் அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சொல்லிச் சிரிக்கப் பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தான். முதலாளி குந்தியிருந்த இடத்தின் வழியே வெறும் ரோடு தெரிந்தது.

"இன்னும் கொஞ்ச தூரம் கூட வந்திருக்கலாமே, முதலாளி," என்றான்.