பிடி விடாத கை

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருந்த உயிரணுக்களும் பேசுமாம். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி. அங்கே தில்லையம்மா என்ற வளர்ப்புத்தாய் இருந்தாள். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் காவல் அணுக்கள் பிஞ்சாக அவளிடம் வந்து சேரும். அவள் வீட்டில்தான் அவற்றின் மேல்தோலில் கை முளைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வளைவு. கண் கிடையாது, தொட்டுத்தான் யாரையும் அறிய வேண்டும்.

கை முளைத்ததும் ஒரு வழக்கம் உண்டு. ஈரல், தோல், கணையம் என்று உடம்பிலுள்ள எல்லா வீட்டாரின் அடையாளத்தையும் தில்லையம்மா தன் மேனியில் ஏந்திக் காட்டுவாள்.

"இவங்க நம்ம ஆளுங்க. தொடு, விடு" என்பாள்.

தொட்டதும் பிடியை விட்ட பிள்ளைகள் காவலுக்குப் போவார்கள். விட முடியாதவர்கள் பிடி தளரும்வரை வீட்டிலேயே இருப்பார்கள்.

பூவரசன் என்ற பிள்ளைக்குப் பிடி தளரவே இல்லை. கணையத்து அடையாளத்தைத் தொட்டால் அப்படியே தொங்குவான்.

"விடுடா, பசை போட்ட மாதிரி ஒட்டிக்கிட்டு!"

"வர மாட்டேங்குது ஆத்தா."

பக்கத்து அறைத் தாய் மாசாணிக்கு அது பிடிக்கவில்லை. "அக்கா, இவன் கை சரியில்ல. வெளிய விடாதே."

"பாசக்காரப் பிள்ளைடி. மத்ததெல்லாம் தொட்டதும் உதறிட்டு ஓடுது, இவன் ஒருத்தன்தான் நம்ம சனத்தைக் கட்டிக்கிறான். உனக்கு ஏன் எரியுது?"

ஒருநாள் தொண்டை வழியாக நோய்க்கிருமி புகுந்தது. உடம்பு கொதித்தது. காவலுக்கு ஆள் வேண்டும் என்று எங்கும் கூச்சல். தில்லையம்மா பூவரசனுக்கும் கதவைத் திறந்துவிட்டாள்.

"நம்ம சனத்தைப் பாத்துக்கடா."

கிருமி ஒழிந்தது. திரும்பும் வழியில் பூவரசன் கணையத்துக்குள் நுழைந்தான். அங்கே சீதளி இருந்தாள். இரத்தத்தில் சர்க்கரை வந்ததும் வீட்டுக்கு வீடு கதவு திறக்கச் சொல்லி ஆள் அனுப்புவது அவள் தெருவாரின் வேலை. பழகிய அடையாளம். ஆசையாய்த் தொட்டான். கை இறுகியது. பிஞ்சில் இல்லாவிட்டாலும், முற்றிய காவல்காரன் கை இறுகினால் விஷம் இறங்கும். அதற்கென்றே அமைந்த கை அது.

"விடு தம்பி, நான் இந்த வீட்டுக்காரி."

"தெரியும் அக்கா. எனக்குத் தெரியுது, கைக்குத் தெரியலையே!"

அவன் அழ அழ அவள் செத்தாள். இறுகிய கை கூட்டாளிகளையும் அழைத்தது. தெருவே அழிந்தது. வாசல்வரை சர்க்கரை ஓடியும், கதவு திறக்கச் சொல்ல ஆளில்லாமல் உடம்பின் வீடுகளெல்லாம் பட்டினி கிடந்தன.

மாசாணி சேதி கொண்டுவந்தாள். தில்லையம்மா தன் மேனியில் பூவரசன் தொங்கிய இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"கட்டிக்கிறான்னுல்ல நினைச்சேன்."

அடுத்து வந்த பிஞ்சு ஒன்று தோலின் அடையாளத்தைத் தொட்டது. விடவில்லை.

"ஆத்தா, நான் எப்போ காவலுக்குப் போவேன்?"

தில்லையம்மா குனிந்து அதனிடம் ஒரு சொல் சொன்னாள். அது அப்படியே தன்னைத்தானே மடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் செத்துப்போனது. அதற்கு அவள் பெயர் வைத்திருக்கவில்லை. அப்புறம் வந்த எதற்கும் வைக்கவில்லை.

அன்று முதல்தான், நம்மவரை இறுகப் பிடிக்கும் பிள்ளைகள் அந்த வாசலைத் தாண்டாமலே மடிகின்றன. பிள்ளைகளைச் சாகச் சொல்லிச் சொல்லியே அந்தச் சுரப்பியும், நமக்கு வயது ஏற ஏற, சுருங்கி வெறும் கொழுப்பாகிப் போகிறது.