கல்லில் விழ ஆள் தேவை

வெகு காலத்துக்கு முன்பு கொடுங்கரை நாட்டைச் சண்டகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். மகா பலசாலி. எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவரே சொல்லியிருக்கிறார்.

வருஷாவருஷம் ஆயுத பூசைக்கு மறுநாள், ஊர் கூடிப் பார்க்க, ஆஸ்தான மல்லன் மூக்காண்டியோடு அவர் மல்யுத்தம் செய்வார். எப்போதும் ராஜாவுக்குத்தான் வெற்றி. மூக்காண்டி ஒற்றை ஆளாக மாட்டு வண்டியைப் புரட்டுகிறவன். ராஜா தொட்டால் மட்டும் சுருண்டுவிடுவான். அவர் அவனைத் தோளுக்கு மேல் தூக்கும்போது, அவருக்குச் சிரமம் வேண்டாமே என்று அவனே ஓர் எம்பு எம்பிக் கொடுப்பான்.

அவன் விழுகிற மண்ணைப் பக்குவம் செய்பவள் அவன் மனைவி வெள்ளைத்தாயி. முழங்கால் ஆழம் கொத்தி, பொடிக்கல் பொறுக்கி, மோரும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசறி, புட்டுமாவுப் பதத்துக்குக் கொண்டுவருவாள்.

இருபத்திரண்டாவது வருஷம் மூக்காண்டி விழுந்த சுருக்கில் எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டான். ராஜா வழக்கம்போல் அவனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். தளவாய் திருமேனிக்கு வயிறு எரிந்தது. பதினேழு போரைக் கண்டவர் அவர், குன்றின் மேல் நின்று. அவருக்கு இதுவரை ஒரு துண்டுகூடக் கிடைத்ததில்லை.

"மகாராஜா தூக்கிப் போட்டும் இவன் பாயிலிருந்து எழுவதுபோல் எழுகிறானே! ஜனங்கள் சிரிக்கிறார்கள். குற்றம் தங்கள் புஜத்தில் இல்லை, அந்த மண்ணில்தான். கருங்கல் பாவிவிட்டால் தங்கள் வீரம் ஊருக்கே சத்தமாகக் கேட்கும்" என்றார் தளவாய்.

"கேட்கட்டுமே!" என்றார் ராஜா. எட்டே நாளில் களம் முழுக்கக் கருங்கல் பாவியாயிற்று. அடுத்த பௌர்ணமியன்று மறுபடி மல்யுத்தம் என்று தண்டோரா போட்டார்கள்.

மூக்காண்டிக்குச் சோறு இறங்கவில்லை. "விழுந்தா மண்டை போகும். விழலேன்னா ராசா மானம் போகும், அப்பவும் போறது எம் மண்டைதான்" என்றான். வெள்ளைத்தாயிக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் அதிகமாக முட்டியது.

பௌர்ணமியன்று காலை ராஜா தொடையைத் தட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். அங்கே ஒரு கூடை மண்ணும் இரண்டு பூசணிக்காயுமாக அவள் நின்றாள்.

"என்ன பெண்ணே, சமையலா?"

"இல்லீங்க மகாராசா, ஒத்திகை."

தலை உயரத்திலிருந்து ஒரு காயைக் கல்லில் விட்டாள். விதை ராஜாவின் மீசை வரை தெறித்தது. பிறகு கூடை மண்ணைக் குவித்து, அதன் மேல் மற்றதை விட்டாள். அது பொத்தென்று புதைந்து முழுசாகக் கிடந்தது.

"ரெண்டும் ஒரே கொடியிலே காய்ச்சது, ஒரே உயரத்திலேருந்து விழுந்தது. கல்லு 'இப்பவே நில்லு'ங்குது. அம்புட்டு வேகமும் ஒரே நொடியிலே காயைத் தாக்குது. மண்ணு நாலு விரக்கடை உள்ளே விட்டு 'மெதுவா நில்லு'ங்குது. வேகம் கொஞ்சங் கொஞ்சமா அடங்குது. மேலேருந்து செங்கல்லைப் போட்டா, பிடிக்கிறவன் கையைத் தாழ்த்திக்கிட்டேதானே பிடிக்கிறான்?"

தளவாய் கடகடவென்று சிரித்தார். "பூசணிக்காய் பயத்தில் உடைந்தது, மகாராஜா! வீரனுக்குக் கல்லென்ன, மண்ணென்ன?"

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் காத்திருந்தாள். "தளவாய் ஐயா சொல்றது நெசம். எம் புருசன் பூசணிக்காய்தான். அதை உடைச்சு மகாராசாவுக்கு என்ன பேரு வந்துரும்? பதினேழு போர் கண்ட சிங்கத்தைத் தூக்கிக் கல்லிலே போட்டாத்தானே பேரு!"

"ஆஹா! இது எனக்கு ஏன் தோன்றவில்லை?" என்று குதித்தார் ராஜா. காரணம் தெரிந்தவர்கள் அந்தச் சபையில் நிறையப் பேர் இருந்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை.

தளவாய் நழுவுவதற்குள் ராஜா அவரைப் பிடித்துத் தூக்கிவிட்டார். இந்தச் சிங்கத்துக்கு எம்பிக் கொடுக்கத் தெரியாது. ராஜாவின் முழங்கால் வெடவெடத்தது. மேலேயிருந்து தளவாய் உடைந்த பூசணிக்காயைப் பார்த்தார்.

"மகாராஜா! மண்! மண்ணைக் கொட்டச் சொல்லுங்கள்!"

"ஏனய்யா?"

"கல் உடனே நிறுத்திவிடும்! மண்தான் மெதுவாக நிறுத்தும்! நாலு விரற்கடை! செங்கல்! அந்த அம்மாள் சொன்னதெல்லாம் சத்தியம்!"

"வீரனுக்குக் கல்லென்ன, மண்ணென்ன என்றீரே?"

"நான் வீரனில்லை மகாராஜா, பூசணிக்காய்!"

ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்பில் ராஜாவின் பிடி நழுவிவிட்டது. மூக்காண்டி ஒரே பாய்ச்சலில் வந்து, கையைத் தாழ்த்தி, முழங்காலை மடக்கி, தளவாயைத் தரைக்கு ஒரு சாண் மேலே பிடித்து நிறுத்தினான். யாருடைய யோசனையால் தன் மண்டை போகவிருந்ததோ, அவரையே பிடித்தான். நல்லவன், பாவம்.

ராஜா சால்வையை வெள்ளைத்தாயிக்குப் போர்த்தினார். கல்லைப் பெயர்க்கச் சொன்னார். "மூக்காண்டி, இனி உனக்கு ஓய்வு. அடுத்த வருஷம் முதல் என்னோடு மோதப்போவது தளவாய். மண் கொத்துவதும் அவரே!"

அடுத்த ஆயுத பூசைக்கு ஒரு மாதம் முன்பே தளவாய் மண்வெட்டியோடு களத்தில் இறங்கிவிட்டார். "முழங்கால் ஆழம் போதுங்க ஐயா" என்றாள் வெள்ளைத்தாயி. அவர் காதில் வாங்காமல் இடுப்பு ஆழம் கொத்தினார். மண்ணைச் சல்லடையில் சலித்தார், இரண்டு முறை. மூக்காண்டியிடம் போய் எம்பிக் கொடுக்கவும் கற்றுக்கொண்டார்.

ராஜா இருபத்துமூன்றாவது முறையாக வென்றார்.