தொண்டையில் இருந்த அத்திப்பழம்

மலைக்காட்டில் ஓர் உயரமான மரப்பொந்து. அதற்குள் வெண்விழி என்ற பெண் இருவாச்சிப் பறவை தன் ஒரே குஞ்சோடு அடைபட்டிருந்தாள். அடைத்தது வேறு யாரும் இல்லை, அவளேதான். குஞ்சு வளரும்வரை பொந்தின் வாயை மண்ணால் பூசி, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைப்பது இருவாச்சிகளின் வழக்கம். வெளியே போய் இரை கொண்டுவருவது கணவன் செங்கண்ணனின் வேலை.

செங்கண்ணன் நல்லவன்தான். விடிந்ததும் அத்திமரத்துக்குப் பறப்பான். முதலில் தன் வயிற்றுக்குத் தின்பான். பிறகு வீட்டுக்கென்று இருபது பழங்களை விழுங்காமல் தொண்டையில் அடக்கிக்கொண்டு கிளம்புவான். பறவைக்குப் பையா இருக்கிறது? தொண்டைதான் பை.

வினை வந்தது எதிர்மரத்து மலையணில் தம்பதியால். எந்தக் கிளையில் கூடு கட்டுவது என்று அவர்களுக்குள் தினமும் சண்டை. அதைப் பார்க்காவிட்டால் செங்கண்ணனுக்குத் தலை வெடித்துவிடும். அலகு பழம் பறிக்கும், கண் அணில்களை மேயும். நாற்பது பழம் உள்ளே போயிருக்கும், ஒன்றின் ருசியும் தெரிந்திருக்காது.

வீட்டுக்குப் பறக்கும்போது சந்தேகம் வரும், இன்று தின்றோமா இல்லையா என்று. தின்றதாக நினைவே இருக்காது. தொண்டையில் இருப்பதில் ஒன்றை உள்ளே தள்ளுவான். ஓடையைத் தாண்டும்போது இன்னும் நாலைந்து. பாறை மேல் உட்கார்ந்து இளைப்பாறும்போது பத்துக்கு மேல். பொந்துக்கு வந்து சேரும்போது ஐந்து பழம் மிஞ்சினால் பெரிய விஷயம்.

குஞ்சு மெலிந்தது. நாலு நாள் கத்திக் கத்தி இரை கேட்டது. ஐந்தாம் நாள் கேட்பதையே விட்டுவிட்டது. சுவரை உடைத்துக்கொண்டு வெண்விழியே இரை தேடப் போகலாம். ஆனால் போன மறுநிமிடம் பாம்பு உள்ளே வந்துவிடும்.

மரத்தில் பழம் தீர்ந்துவிட்டதா என்று கணவனைக் கேட்டாள். நிறைய இருக்கிறது, வழியில் பசித்ததால் கொஞ்சம் தின்றுவிட்டேன் என்று அவன் ஒப்புக்கொண்டான்.

"சாப்பிட்டுட்டுத்தானே கிளம்புறீங்க?"

"சாப்பிட்டிருப்பேன்னு நினைக்கிறேன்."

அந்த 'நினைக்கிறேன்' போதும், வெண்விழிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் திட்டவில்லை.

"என்னங்க, நான் உள்ள வந்து ரெண்டு மாசமாச்சு. அந்த மரத்தைக் கண்ணால பார்க்கல. நாளைக்கு நீங்க தின்னுற ஒவ்வொரு பழமும் எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லுங்க."

சொன்ன பேச்சைத் தட்ட முடியுமா? மறுநாள் அவன் அணில்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். கிழக்குக் கிளைப் பழம் வெயில் பட்டு இனித்தது. நிழலில் பழுத்தது லேசாகத் துவர்த்தது. ஒன்றில் எறும்பு இருந்தது, அதுவும் ருசியாகவே இருந்தது. பன்னிரண்டாவது பழத்திலேயே வயிறு போதும் என்றது. இந்த மரம் இத்தனை நாளும் இவ்வளவையா கொடுத்துக்கொண்டிருந்தது என்று அவனுக்கு மனம் நெகிழ்ந்துபோனது. வாய்விட்டு மரத்துக்கு நன்றி சொன்னான்.

அன்று ஓடையையும் பாறையையும் நேரே தாண்டி வந்தான். இருபது பழமும் ஒவ்வொன்றாகக் கீறல் வழியே உள்ளே போயின. கடைசிப் பழத்துக்கும் குஞ்சு வாயைத் திறந்ததைக் கண்டதும் அவனுக்கு அழுகை முட்டியது.

"பிள்ளையோட பங்கைத் தின்னுருக்கேன். தின்னது கூடத் தெரியாம தின்னுருக்கேன்."

"இன்னிக்குக் கொண்டுவந்தீங்கல்ல, அது போதும். பழம் எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லுங்க" என்றாள் வெண்விழி. மரத்துக்குத் தான் சொன்ன நன்றியையும் சேர்த்து அவன் தினமும் சொன்னான். குஞ்சும் கேட்டுக்கொண்டே வளர்ந்தது.

ஒரு காலையில் வெண்விழி சுவரை உடைத்தாள். முதல்முறை பறந்த குஞ்சு, யாரும் வழிகாட்டாமலே அத்திமரத்தின் கிழக்குக் கிளையில் போய் உட்கார்ந்தது. அலகை வைப்பதற்கு முன், அப்பா சொன்ன அதே வார்த்தைகளில் மரத்துக்கு நன்றி சொன்னது. அணில்கள் கடைசியில் எங்கே கூடு கட்டின என்று செங்கண்ணனுக்கு இன்றுவரை தெரியாது.

மனம் வைத்து உண்பவருக்குக் கொஞ்சத்திலேயே வயிறு நிறையும். மறந்து உண்பவர் தம் பங்கும் போதாமல் பிள்ளையின் பங்கையும் தின்றுவிடுவார்.