முகமில்லாத விண்கப்பல்

காட்டின் நடுவே ஒரு தாமரைக் குளம். அதன் களிமண் கரையில் வளை தோண்டி வாழ்ந்தது ஒரு பெண் நண்டு. அதன் பெயர் வளைமணி. ஈரக் கரைதான் அதற்குப் பலகை. கொடுக்குதான் எழுதுகோல். அது கிழிக்கிற ஒவ்வொரு கோடும் கண்ணுக்குள் நிற்கும்.

குளக்கரை மருதமரத்தில் கிச்சான் என்றொரு மைனா இருந்தது. வெயில் தாழ்ந்ததும் அது கதை சொல்லும். தீயில் காட்டை இழந்த விலங்குகள் சில ஒரு விண்கப்பலில் ஏறி, நட்சத்திரம் நட்சத்திரமாக அலைந்து புதுக் காடு தேடுகிற கதை. கிச்சான் சொல்லச் சொல்ல, கீழே கரையில் வளைமணி படம் வரையும். கேட்பதற்குக் காடே கூடிவிடும்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. கதை நடக்கும்போது யாரும் யாரையும் தின்னக் கூடாது. கதையை முடித்துக் கிச்சான் சிறகை உதறிவிட்டால், பிறகு அவரவர் உயிர் அவரவர் பாடு.

கதையில் வந்த கப்பல் கழுகு வடிவம். கூரிய அலகு, விரிந்த சிறகு, சிவந்த கண். ரசிகர்களுக்கு அதன்மேல் உயிர். குரங்குக் குட்டிகள் கைகளை விரித்துக்கொண்டு கிளைக்குக் கிளை கழுகுக் கப்பலாகவே தாவின. ஒருநாள் கதையில் அந்தக் கப்பல் ஒரு பாறையில் மோதிச் சுக்குநூறானது. கரையெல்லாம் ஒரே அழுகை.

அன்று கிச்சான் கீழே இறங்கி வந்தது.

"வளைமணி, புதுசா ஒரு கப்பல் வேணும். எப்படி இருக்கணும்னு நான் சொல்லப் போறதில்லை. உன் இஷ்டத்துக்கு வரைஞ்சுக்கோ."

வளைமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுகை வரைந்து வரைந்து அதற்கு அலுத்துப் போயிருந்தது. குளத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தாமரையில் இதழ்கள் உதிர்ந்த பிறகு குழி குழியாக ஒரு பொகுட்டு நிற்கும். ஒவ்வொரு குழியிலும் ஒரு விதை உட்கார்ந்திருக்கும். அப்படி ஒரு பொகுட்டு காம்பு முறிந்து நீரில் மிதந்து வந்தது. காற்று தள்ளிய பக்கமெல்லாம் போனது. உருண்டது, கவிழ்ந்தது. விதைகள் மட்டும் குழிக்குள் சுகமாக இருந்தன.

"இதுதான் கப்பல்" என்று வளைமணி சொல்லிக்கொண்டது. பொழுது விடிந்ததும் வரையத் தொடங்கி, வெயில் தாழும்வரை கரையைவிட்டு நகரவில்லை.

கூட்டம் வந்தது. படத்தைப் பார்த்தது.

முன்வரிசையில் தாவலன் என்ற குரங்கு இருந்தது. ஒருநாள்கூடக் கதையைத் தவற விடாத ரசிகன். கிச்சானே மறந்துபோனதை எடுத்துக் கொடுப்பவன். ரசிகர்களுக்கெல்லாம் தலைவன் என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டவன்.

"என்ன வளைமணி இது, குளவிக் கூடா?" என்று தாவலன் கேட்டது.

"விண்கப்பல்."

"முகம் எங்கே?"

"முகம் கிடையாது."

"அப்போ எது முன்பக்கம், எது பின்பக்கம்?"

"எந்தப் பக்கம் போகணுமோ அது முன்பக்கம்."

கூட்டம் சிரித்தது. "பக்கவாட்டிலேயே நடக்கிற ஜென்மம், வேற எப்படி வரையும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

வளைமணியின் ஓடு சுட்டது. ஆனாலும் அது தலை குனியவில்லை. "ஆமாம், பக்கவாட்டில்தான் நடக்கிறேன். போக வேண்டிய இடத்துக்கு இதுவரை போய்ச் சேராமல் இருந்ததில்லை."

"சிறகாவது வைக்கலாமில்லையா?" தாவலன் விடவில்லை.

"மேகத்தைத் தாண்டினால் காற்றே இல்லைன்னு கிச்சான் அண்ணன் கதையில் சொன்னார். உனக்கு ஞாபகம் இருக்குமே. காற்றில்லாத இடத்தில் சிறகை அடிச்சு என்ன ஆகப் போகுது?"

தாவலன் தலையைச் சொறிந்தது. அதற்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. "அது வேற விஷயம்" என்று மழுப்பியது. "விண்கப்பல்னா பார்த்ததும் உடம்பு சிலிர்க்கணும். இதைப் பார்த்தா விதையைப் பிய்ச்சுத் தின்னத்தான் தோணுது."

கிளிகளுக்கு அது போதும். "அலகு எங்கே? அலகு எங்கே?" என்று கத்தத் தொடங்கின. அன்று கிச்சானால் கதையே சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை கிச்சான் வளை வாசலுக்கு வந்து நின்றது. இறகெல்லாம் கலைந்திருந்தது.

"கோவிச்சுக்காதே. எனக்கு உன் கப்பல் பிடிச்சிருக்கு. ஆனா கூட்டம் கலைஞ்சா கதை கலைஞ்சிடும். ஒரு சின்ன அலகு மட்டும் வைச்சிடேன். எனக்காக."

கிச்சானின் முகத்தைப் பார்த்து வளைமணியால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. பொகுட்டின் ஓரத்தில் ஒரு சின்ன அலகை ஒட்டி வைத்தது.

சாயங்காலம் ரசிகர்கள் வந்தார்கள். "ம், இப்பதான் கொஞ்சம் கப்பல் மாதிரி இருக்கு" என்றது தாவலன். "அலகு இருந்தா கண்ணும் இருக்கணும், இல்லையா?" கண் வந்தது. கண் வந்ததும் சிறகு கேட்டார்கள். சிறகு வந்ததும் கால்நகம் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குழியை மூட வேண்டியிருந்தது. கடைசியில் கரையில் கிடந்தது என்ன? அதே பழைய கழுகு. வயிறு மட்டும் கொஞ்சம் வீங்கிய கழுகு.

வளைமணி அதைப் பார்த்தது. தன் கொடுக்கையே அதற்குப் பிடிக்காமல் போனது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, படத்தின் மேல் ஏறி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தது. எட்டுக் கால்களும் கழுகை உழுதுபோட்டன.

"ஏய், ஏய்! என்ன பண்றே?" என்று தாவலன் அலறியது.

"என் கப்பலுக்கு முகம் கிடையாது. அலகு கிடையாது. சிறகும் கிடையாது. நாளைக்கு வந்தால் அதைத்தான் பார்ப்பீங்க. நாளன்னிக்கு வந்தாலும் அதைத்தான் பார்ப்பீங்க."

"யாருக்காக வரையுறே நீ? நாங்க இல்லைன்னா உனக்கு யார் இருக்கா?"

"உங்களுக்காகத்தான் வரையுறேன். நீங்க சொல்றதை வரையலை, அவ்வளவுதான். கழுகைத்தான் பார்க்கணும்னா அண்ணாந்து பாருங்க. தினமும் பறக்குது."

தாவலன் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய்விட்டது. அங்கே பெரிதாக ஒரு கழுகுக் கப்பலை வரைந்து, பழைய கதையைத் தானே சொல்லத் தொடங்கியது. கிளிகள் பறந்தன. மான்கள் போயின. முயல்களும் மயில்களும் போயின.

மருதமரத்தடியில் மிஞ்சியது ஒரு தவளை, சில நத்தைகள், நீரில் பாதி முழுகிக் கிடந்த ஒரு நீர்நாய். நத்தைகள்கூட எதிர்க்கரைக்குப் புறப்பட்டவைதான், இன்னும் போய்ச் சேரவில்லை.

கிச்சானுக்குக் கோபம். வளைமணியோடு பேசவே இல்லை. ஆனாலும் மரத்தை விட்டுப் போகவில்லை. வெயில் தாழ்ந்ததும் கிளையில் வந்து உட்கார்ந்து, தவளைக்கும் நத்தைகளுக்கும் கதை சொன்னது. வளைமணி தன் பொகுட்டுக் கப்பலைத் திரும்ப வரைந்தது. முன்னைவிடப் பெரிதாக. எதிர்க்கரையிலிருந்து ஆரவாரம் கேட்கும்போதெல்லாம் அதன் கொடுக்கு ஒரு கணம் நின்றது. பிறகு கோட்டைத் தொடர்ந்தது.

ஒருநாள் கதை முடிந்து கிச்சான் சிறகை உதறியது. தவளை ஒரே தாவலில் மறைந்தது. வளைமணியும் வளைக்குத் திரும்பியபோது, நீரிலிருந்து ஒரு குரல் வந்தது.

"உன் கப்பலில் ஒரு குறை இருக்கு."

நீர்நாய்தான். நீர்நாய்க்கு உலகத்திலேயே பிடித்த உணவு நண்டு. வளைமணியின் சொந்தபந்தத்தில் பாதி அதன் வயிற்றுக்குள் போனதுதான்.

"அலகு இல்லை, அதானே?" என்றது வளைமணி, வாசலில் நின்றபடி.

"அலகை வைச்சு நான் என்ன செய்ய? இத்தனை நாளா உன் படத்தைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். கிட்டே வா, காட்டுறேன்."

"கதை முடிஞ்சிடுச்சு. இப்போ கிட்டே வந்தால் என்னைத் தின்னுடுவீங்க."

"தின்னலாம். ஆனா சொல்ல வந்ததைச் சொல்லி முடிச்ச பிறகுதான்."

வளைமணி யோசித்தது. காடே கூடிக் கத்தியதே தவிர, அதில் ஒருவர்கூடப் படத்தை இத்தனை நாள் உற்றுப் பார்த்ததில்லை. குறை என்னவென்று தெரியாமல் வளைக்குள் போனால் தூக்கம் வராது. அது மெல்லக் கரையில் இறங்கி, படத்தின் மறுபக்கத்தில் நின்றது.

நீர்நாய் ஒரு குழியைக் காட்டியது. "இது ஒரு வீடு. இதுக்கு எத்தனை வாசல்?"

"ஒண்ணு."

"இந்த வீட்டுக்கு?"

"அதுக்கும் ஒண்ணுதான். எல்லாமே வெளியே பார்த்த வாசல்."

"ஒரே வாசல் இருக்கிற வீட்டில் இருக்கிறவங்க எப்படிச் சாவாங்கன்னு எனக்குத் தெரியும். நான் வாசலில் உட்கார்ந்துடுவேன். எனக்கு அவசரமே கிடையாது. உள்ளே இருக்கிறவங்களுக்குத்தான் பசிக்கும்." நீர்நாய் மீசையைச் சிலிர்த்துக்கொண்டது. "சொல்ல வந்தது அவ்வளவுதான். இனி ஓடு."

வளைமணி ஓடியது. பின்னால் தண்ணீர் சிதறியது. கடைசிக் காலை உள்ளே இழுத்துக்கொள்வதற்கும் நீர்நாயின் பற்கள் வாசலில் மோதுவதற்கும் சரியாக இருந்தது. காலின் நுனி போய்விட்டது.

வளையின் அடியில் அது ஒடுங்கிக் கிடந்தது. வாசலை அடைத்தபடி நீர்நாய் படுத்துவிட்டது. அதன் மூச்சு சூடாக உள்ளே வந்தது. வெளிச்சம் வரவில்லை. வளைமணிக்குத் தன் படம் நினைவுக்கு வந்தது. அந்தக் கப்பலில் தூங்குகிற முயலும் மானும் குட்டிகளும் நினைவுக்கு வந்தன. ஒரு எரிகல் வந்து வாசலை மூடினால் அவர்கள் எங்கே போவார்கள்?

"நீர்நாய் சொன்னது சரிதான்" என்று இருட்டுக்குள் முணுமுணுத்தது. பகைவர் வாயால் வந்தது என்பதற்காக அது பொய்யாகிவிடாது என்று அதற்குப் பட்டது.

பிறகு வளையின் பின்சுவரைத் தோண்ட ஆரம்பித்தது. களிமண் கெட்டியாக இருந்தது. நுனி போன கால் வலித்தது. வேர்களைச் சுற்றிச் சுற்றித் தோண்டிக்கொண்டே போய், கடைசியில் தாமரைத் தண்டுகளுக்கு நடுவில் தலையை நீட்டியது. குளிர்ந்த நீர் முகத்தில் பட்டது. தூரத்தில் நீர்நாயின் முதுகு தெரிந்தது. அது இன்னும் முன்வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

மறுநாள் நீர்நாய் அலுத்துப்போய்க் குளத்துக்குத் திரும்பிய பிறகு, வளைமணி கப்பலைத் திரும்ப வரைந்தது. வடிவம் அதேதான். ஆனால் ஒவ்வொரு குழியின் பின்னாலும் ஒரு சிறிய கதவு. கதவிலிருந்து அடுத்த குழிக்கு ஒரு வழி. எந்த வீட்டிலிருந்தும் எந்த வீட்டுக்கும் போகலாம்.

கிச்சான் கிளையிலிருந்து இறங்கி வந்து அந்தக் கதவுகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. அதன் கண்கள் பளபளத்தன.

"வளைமணி, இதில் ஒரு கதை இருக்கு" என்றது. இத்தனை நாள் பேசாத கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அன்றைய கதையில் எரிகற்கள் மழையாகப் பொழிந்தன. கப்பலின் வாசல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. குட்டிமான் மாட்டிக்கொண்டது. முயல் பின்கதவைத் திறந்தது. வழி வழியாக, வீடு வீடாக, ஒருவர் வாலை ஒருவர் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஊர்ந்து தப்பினார்கள். கப்பல் திரும்புவதற்கு நேரமில்லாமல், திரும்பத் தேவையும் இல்லாமல், நின்ற நிலையிலேயே பக்கவாட்டில் விலகிப் போனது. தவளை மூச்சுவிட மறந்து, கடைசியில் ஒரு கத்துக் கத்தியது பாருங்கள், குளம் முழுக்க எதிரொலித்தது.

எதிர்க்கரையில் தாவலனின் கழுகு மூன்றாம் முறையாக அதே பாறையைச் சுற்றிக்கொண்டிருந்தது. அழகாகத்தான் சுற்றியது. அடுத்து என்ன நடக்கும் என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முதலில் கிளிகள் எழுந்து வந்தன. பிறகு மான்கள் வந்தன. பாதி வழியில் இருந்த நத்தைகள் திரும்பிப் பார்த்துவிட்டு, அலுத்துக்கொண்டே திரும்பின.

எல்லாருக்கும் கடைசியாகத் தாவலன் வந்தது. படத்தின் அருகே குந்தி உட்கார்ந்து, முதல் முறையாக ஒவ்வொரு குழியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

"கதவெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றது கடைசியில். "எல்லாரும் இவ்வளவு ஆசைப்படுறாங்க. ஒரே ஒரு அலகு மட்டும்..."

"முடியாது" என்றது வளைமணி.

தாவலன் பெருமூச்சு விட்டது. ஆனால் எழுந்து போகவில்லை.

வளைமணி கரையின் வேறொரு மூலைக்கு நகர்ந்து, அடுத்த கப்பலுக்கு முதல் கோட்டைக் கிழித்தது. அதற்கு மேல்பக்கம் கீழ்பக்கம்கூடக் கிடையாது. கிளிகள் இப்போதே முணுமுணுத்தன. வளைமணி அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. நீர் விளிம்பில் மீசையை மட்டும் வெளியே நீட்டி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நீர்நாயைப் பார்த்து, "குறை இருந்தால் சொல்லுங்க, காது கொடுத்துக் கேட்கிறேன். ஆனா இந்தத் தடவை அங்கிருந்தே சொல்லுங்க" என்றது.

பழகாத வடிவம் என்பதற்காகவே கூச்சலிடுபவர் நண்பரே ஆனாலும் அவருக்கு வளைந்து கொடுக்கக் கூடாது. உற்றுப் பார்த்துக் குறை சொல்பவர் பகைவரே ஆனாலும் அவர் சொல்லைத் தள்ளிவிடக் கூடாது.