எதிர் முனை

சென்னையில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கம்பெனிகள் வரிசையாக நிற்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் நடுவே, முந்நூற்று இருபது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு இருந்தது. அதன் பின்பக்கம், ஜெனரேட்டர் அறையை ஒட்டி, குழந்தைகள் விளையாட ஓர் இடம் விட்டிருந்தார்கள். அங்கே ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், ஏறி இறங்கி ஆட ஒரு சீசாப் பலகை.

ஊஞ்சலுக்கு ஒரு குழந்தை போதும். சறுக்குமரத்துக்கும் அப்படித்தான். சீசாப் பலகைக்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். அதுவும் ஒரே நேரத்தில், எதிரெதிரே, ஏறக்குறைய ஒரே எடையில். செய்தவர்கள் அதை அப்படிச் செய்துவிட்டார்கள், அது என்ன செய்யும்?

குடியிருப்பில் குழந்தைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காலை ஆறே முக்காலிலிருந்து எட்டு மணிக்குள் வாசலில் பதினோரு பள்ளிப் பேருந்துகள் வந்து நின்றன. ஒரு மாடியில் நாலு வீடு என்றால் நாலு பள்ளி. ஒரு பேருந்து மூன்றரைக்குத் திரும்பும், இன்னொன்று ஐந்தே முக்காலுக்கு. ஒரு பள்ளிக்கு ஏப்ரல் கடைசியில் விடுமுறை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கு, வெளிநாட்டுப் பாடத்திட்டம் என்பதால், ஜூனில்தான். ஒரு குழந்தை விளையாட இறங்கும்போது இன்னொன்று பேருந்தில் தூங்கிக்கொண்டிருக்கும். இறங்கிய குழந்தை பலகையின் தாழ்ந்த முனையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கும். பிறகு எழுந்து ஊஞ்சலுக்குப் போய்விடும்.

“கவலைப்படாதே, வருகிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்,” என்று ஊஞ்சல் சொல்லும். நல்ல மனதோடுதான் சொன்னது. அதனாலேயே பலகைக்கு இன்னும் கொஞ்சம் வலித்தது.

ஆனாலும் பலகைக்கு ஒரு வாழ்வு இருந்தது. முதல் மாடி சம்யுக்தாவும் எதிர் பிளாக் ஜெஸ்லினும் குடியிருப்பின் கீழ்த்தளத்திலேயே இருந்த மழலையர் பள்ளியில் ஒன்றாகப் படித்தார்கள். இருவருக்கும் ஐந்து வயது. ஒருத்தி சாப்பிடப் படுத்துவாள், இன்னொருத்தி சாப்பிடவே மாட்டாள். அதனால் எடையும் சரியாக இருந்தது. மாலை ஐந்து மணிக்கு இருவரும் வந்து இரண்டு முனையிலும் ஏறினால் ஆறு மணிவரை இறங்கமாட்டார்கள். ஒருத்தி மேலே போகும்போது பேசத் தொடங்குவாள், கீழே வருவதற்குள் முடித்துவிடுவாள். மற்றவள் மேலே போகும்போது பதில் சொல்லுவாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் பலகை மற்ற இருபத்து மூன்று மணி நேரமும் வெயிலிலும் இருட்டிலும் நின்றது.

இரண்டு அம்மாக்களும் பக்கத்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். சம்யுக்தாவின் அம்மா வித்யா, ஜெஸ்லினின் அம்மா ஷீபா. நாத்தனார் சண்டை, தைராய்டு மாத்திரை, சமையல்கார அம்மாவின் லீவு என்று இருவரும் பேசாத பேச்சில்லை. வித்யாவுக்கு ஷீபா அக்காவாகவே ஆகிவிட்டாள்.

டிசம்பர் பிறந்தது. அடுத்த ஜூனில் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகவேண்டும். இன்டர்நேஷனல் பள்ளிகளில் விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தக் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. எதை வேண்டுமானாலும் சொல்லலாம், எந்தப் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம் என்பதை மட்டும் சீட் கையில் கிடைக்கும்வரை மூச்சுவிடக் கூடாது. கண்ணு பட்டுவிடும் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, இருக்கிற நாலு சீட்டுக்கு ஐந்தாவதாக ஓர் ஆளை நாமே ஏன் கிளப்பிவிட வேண்டும் என்பது. யார் கேட்டாலும் “இன்னும் பாத்துட்டிருக்கோம்” என்று சொல்லிவிடுவார்கள். வித்யாவும் ஷீபாவும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

சம்யுக்தாவின் அப்பா பிரசன்னா எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. மூன்று சனிக்கிழமைகளில் ஏழு பள்ளிகளைப் பார்த்தான். நீச்சல் குளத்தின் ஆழம், பேருந்தில் பெண் உதவியாளர் உண்டா, தண்ணீரை எப்போது சோதித்தார்கள், ஆசிரியர்கள் பாதியில் வேலையை விடுகிறார்களா என்று நாற்பது கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போனான். மகள்மேல் அவனுக்கு உயிர். அவளுக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்பதைத் தவிர அவன் மனதில் வேறு எதுவும் இல்லை.

ஒரு மாலை, ஷீபா இன்னும் வந்திராத நேரம், வித்யா பெஞ்சில் வைத்திருந்த ஃபைலிலிருந்து ஒரு பள்ளிக் கையேடு காற்றில் பறந்து பலகையின் காலடியில் விழுந்தது. வழவழப்பான தாள். அட்டையில் குழந்தைகள் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் யார் தெரியுமா என்ற தோரணையில் அது பேச்சை ஆரம்பித்தது. குதிரையேற்றம், ரோபோ செய்யும் அறை, ஐந்தாம் வகுப்பில் சிங்கப்பூர்ப் பயணம் என்று அடுக்கிக்கொண்டே போனது. பலகை பொறுமையாகக் கேட்டது.

“எல்லாவற்றையும்விட முக்கியம், எங்களிடம் எட்டுக்கு ஒன்று,” என்றது கையேடு.

“அப்படியென்றால்?”

“எட்டுக் குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர்.”

“நல்லது. ஒரு குழந்தைக்கு எத்தனை குழந்தைகள்?”

கையேடு தன் பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொண்டது. “அதை யாரும் எங்களிடம் கேட்டதில்லை,” என்றது. அதற்குள் வித்யா வந்து அதைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு ஜெஸ்லின் மட்டும் வந்தாள். தாழ்ந்த முனையில் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதல் மாடியைப் பார்த்தாள். ஆறு மணிக்கு அவளுடைய அம்மா வந்து அழைத்துக்கொண்டு போனாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

பலகைக்குப் பதைப்பாக இருந்தது. குழந்தைக்கு உடம்பு சரியில்லையோ என்று ஊஞ்சலிடம் விசாரித்தது. ஊஞ்சல் உயரப் போகும்போது முதல் மாடி வீட்டுக்குள் கொஞ்சம் தெரியும். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஒரு டீச்சர் வந்து பாடம் சொல்லிக்கொடுக்கிறார் என்றது ஊஞ்சல். பள்ளியில் குழந்தையை உட்காரவைத்துப் பேசிப் பார்ப்பார்களாம். அதற்குத் தயார் செய்கிறார்களாம்.

“என்ன பாடம்?”

ஊஞ்சல் முதலில் மழுப்பியது. பலகை விடவில்லை.

“உன் தோழி யார், அவளோடு என்ன விளையாடுவாய் என்று கேட்பார்களாம்,” என்றது ஊஞ்சல். “அதற்கு இங்கிலீஷில் எப்படி நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்வது என்று சொல்லித்தருகிறார். தினமும் ஐந்திலிருந்து ஆறுவரை.”

ஜெஸ்லின் எதிரே ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் எடை அதன் ஒரு முனையில் இருந்தது. மறுமுனை ஆகாயத்தைப் பார்த்து நின்றது. அழத் தெரிந்திருந்தால் பலகை அன்று அழுதிருக்கும்.

மூன்று வாரம் இப்படிப் போனது. நாலாவது வாரம் ஜெஸ்லினும் வரவில்லை. அவள் வீட்டிலும் ஒரு டீச்சர் வந்துபோவதாக ஊஞ்சல் சொன்னது.

சம்யுக்தா அந்தப் பேச்சுத் தேர்வில் பிரமாதமாகப் பதில் சொன்னாள். குழந்தை நன்றாகப் பழகுகிறாள் என்று பள்ளியில் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார்களாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலைப் பார்த்த வகுப்பறைகள் உள்ள பள்ளி அது. சீட் உறுதியான மறுநாளே வித்யா லட்டு டப்பாவோடு பெஞ்சுக்கு வந்தாள். இனிமேல் சொல்லலாம் அல்லவா? ஷீபாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பள்ளியின் பெயரைச் சொன்னாள்.

ஷீபா லட்டை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

“அங்கயா?” என்றாள். “எங்களுக்கும் மொதல்ல அங்கதான் கெடச்சுது வித்யா. ஜெஸ்லின் அப்பாதான், அங்க நம்ம பிள்ளைக்குத் தெரிஞ்ச ஒரு முகம்கூட இருக்காதேன்னு வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. இப்ப போரூர்ப் பக்கம் சேத்துட்டோம். வீட்டையும் அங்கயே பாத்தாச்சு.”

“ஏன்க்கா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

“நீயும் சொல்லலியே.”

வித்யா லட்டு டப்பாவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். பள்ளிக்குப் போன் செய்து பார்க்கலாமா என்று கேட்டாள். வேண்டாமென்று எழுதிக் கொடுத்த சீட்டை அன்றைக்கே வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்றாள் ஷீபா. யார்மேல் கோபப்படுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. பலகைக்கும் தெரியவில்லை.

மே மாதம் முதல் வாரத்தில் லாரி வந்தது. ஜெஸ்லினின் சைக்கிளும் கட்டிலும் ஏறின. வித்யா மகளைக் கீழே அழைத்து வந்து கையசைக்க வைத்தாள். வீடியோ காலில் தினமும் பேசலாம் என்று இரண்டு குழந்தைகளுக்கும் வாக்குக் கொடுக்கப்பட்டது. நாலு நாள் பேசினார்கள். பிறகு ஒருத்தி கூப்பிடும்போது மற்றவள் நீச்சல் வகுப்பில் இருந்தாள்.

கோடை முழுவதும் பலகை ஒரு முனை தரையிலும் ஒரு முனை வானத்திலுமாகக் கிடந்தது. சறுக்குமரம் அதைச் சிரிக்கவைக்கப் பார்த்தது. “என்மேல் ஏறி வருகிறவர்களெல்லாம் முதுகைத் தேய்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறார்கள், நான் என்ன அழுதுகொண்டா இருக்கிறேன்?” என்றது. பலகைக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் அச்சில் துரு பிடித்தது. யாரும் கவனிக்கவில்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாலை, சம்யுக்தா புதுச் சீருடையைப் போட்டுப் பார்த்த கையோடு கீழே வந்தாள். கூடவே பிரசன்னாவும் வந்தான். அவள் ஊஞ்சலைப் பார்க்கவில்லை, சறுக்குமரத்தைப் பார்க்கவில்லை. நேராக வந்து பலகையின் தாழ்ந்த முனையில் ஏறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதிர் முனை வெறுமையாக உயர்ந்து நின்றது.

பிரசன்னாவுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. வீட்டில் அத்தனை பேர் அவனைப் பாராட்டிவிட்டார்கள். தேடித் தேடி நல்ல பள்ளியில் சேர்த்தாய் என்றார்கள். ஆனால் ஒரு மாதமாக மகள் தனக்குத்தானே பேசிக்கொள்வதை அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

“அப்பா இருக்கேன்ல,” என்று சொல்லிக்கொண்டே எதிர் முனையைக் கையால் அழுத்தித் தாழ்த்தினான். இரும்பு கிரீச்சிட்டது. காலை வீசிப் போட்டு உட்கார்ந்தான்.

சம்யுக்தா மேலே போனாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இரண்டு முனையிலும் கனம் வந்ததும் பலகைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதோ ஆடப்போகிறோம் என்று நினைத்தது.

பிரசன்னா அண்ணாந்து பார்த்தான். மகளுடைய புது ஷூ தரையிலிருந்து எட்டாத உயரத்தில் தொங்கியது. அவனுக்குப் பெருமையாக இருந்தது. போனை எடுத்து ஒரு படம் பிடித்தான்.

“மேலேர்ந்து என்னம்மா தெரியுது?”

“கேட் தெரியுது. பஸ் நிக்கிற இடம் தெரியுது. எல்லாம் தெரியுதுப்பா.”

“பயமா இருக்கா?”

“பயம் இல்ல.”

அவள் காத்திருந்தாள். இத்தனை நேரம் அவள் மேலேயே இருந்ததில்லை. முன்பெல்லாம் மேலே வந்ததும் கீழே போய்விடுவாள். அப்பா கீழே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அவ்வளவு பிரியம் இருந்தது. காலை உதைத்து எழும்பப் பார்த்தான், பலகை ஒரு சாண் அசைந்து மறுபடி அவன் பக்கமே அமர்ந்தது.

“அப்பா,” என்றாள் சம்யுக்தா, “நான் கீழ வரணும்னா அங்க என் சைஸ்ல ஒருத்தர் வேணும்ப்பா.”

இரண்டு முனையிலும் ஆட்கள் இருந்தார்கள். பலகை அசையாமல் நின்றது.