தேரி வழித்துணை

"இங்க பார்க்க என்னம்மா கெடக்கு? மணலும் முள்ளும்தான்" என்றார் லிங்கபாண்டி. "விடை கொடுங்க. இமயமலைக்குப் போறேன்."

தேரிக்காட்டின் ஓரத்தில் சின்ன மடம். தேரி என்றால் செம்மணல் மேடு. கண்ணுக்கு எட்டிய மட்டும் அதுதான். லிங்கபாண்டி பிறந்ததும் நரைத்ததும் அங்கேதான். மடத்தின் குரு உமையாள் அம்மை, அவரைவிட வயதில் இளையவர்.

அம்மை தடுக்கவில்லை.

"போயிட்டு வாங்க அண்ணாச்சி. நம்ம தர்மானந்தர் தேரியைத் தாண்டிக் கடற்கரைக்குப் போகணுமாம். வழித்துணையா போங்க. அங்கிருந்து அவரு இமயத்துக்குத் திரும்புறாரு. அப்படியே அவரோட வடக்கே கிளம்பிருங்க."

தர்மானந்தர் இமயத்தில் பிறந்த துறவி. ராமேசுவரத்தில் தங்கித் தமிழ் கற்றவர்.

விடிந்ததும் இருவரும் நடந்தார்கள்.

துறவி அடிக்கடி நின்றார். மணலில் காற்று போட்டிருந்த வரிகளைக் குனிந்து பார்த்தார். கழுத்து வரை புதைந்து நின்ற பனையைக் கண்டு சிரித்தார். நின்றபடியே அதன் நுங்குக் குலையைத் தொட்டுப் பார்த்தார்.

"சாமி, இப்படி நின்னா கடல் எப்ப வரும்?"

உச்சிவெயிலில் காற்று எழுந்தது. வானமே சிவந்தது. அது அடங்கியபோது வந்த தடமும் இல்லை, போகும் தடமும் இல்லை.

துறவியின் குடுவை காலி. உதடு வெடித்திருந்தது.

"இங்கேயே முடிந்துவிடுவோமா?"

"தேரியில தாகத்துக்கு யாரும் சாக மாட்டாங்க சாமி."

லிங்கபாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினார். கையால் மணலைத் தோண்டினார். முதலில் ஈரம். பிறகு தண்ணீர் ஊறியது.

துறவி அள்ளி அள்ளிக் குடித்தார். கண் கலங்கிவிட்டது.

"அலைச் சத்தம் கேட்கிறது. கடல் இவ்வளவு பக்கம். இந்தத் தண்ணீர் எப்படி இனிக்கிறது?"

லிங்கபாண்டி ஊற்றின் பக்கம் குனிந்தார்.

ஒரு கை அள்ளினார். உடனே விழுங்காமல் நாக்கில் வைத்திருந்தார். பிறகு இன்னொரு கை.

அலைச் சத்தத்தை வைத்து நடந்தார்கள். கடைசி மேட்டில் ஏறியதும் கீழே கடல் தெரிந்தது. சிவப்பு முடியும் இடத்தில் நீலம்.

"இருட்டுவதற்குள் இறங்கிவிடுவோம்" என்றார் தர்மானந்தர். "இமயம் ரொம்பத் தூரம்."

"செத்த நேரம் உட்காருங்க சாமி. வெயில் சாயும்போது இந்த மேடு நெருப்பு மாதிரி ஆயிரும்னு சொல்லுவாங்க."

"சொல்லுவார்களா? நீங்கள் பார்த்ததில்லையா?"

லிங்கபாண்டி மணலில் உட்கார்ந்தார்.

"இல்ல சாமி. இன்னிக்குத்தான் பார்க்கப் போறேன்."