பத்தில் ஒருத்தி

உடலுறவு வழியாகக் கருப்பைவாயில் ஒரு வைரஸ் தொற்றிய இளம்பெண்களைப் பத்து வருடம் பின்தொடரும் ஆய்வு அது. ஆண்டுக்கு ஒரு முறை சோதிப்பார்கள். பலருக்கு அது தானாகவே மறைந்துவிடும். தங்கிவிட்டால் புற்றாக மாறலாம். மாறும் முன் பிடிக்க வேண்டும்.

வள்ளிக்கண்ணுவுக்கு முதல் இரண்டு ஆண்டும் வைரஸ் இருந்தது. மூன்றாம் ஆண்டு அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

டாக்டர் இளவேனில் அவள் அட்டையில் 'விலகிவிட்டார்' என்று எழுதப்போனாள். நர்ஸ் சகாயமேரி அட்டையை வாங்கிக்கொண்டாள். அந்த ஆய்வில் டாக்டர்கள் வேலை கற்றுக்கொண்டது அவளிடம்தான்.

"வாங்க டாக்டரம்மா, போய்க் கேட்போம்."

வள்ளிக்கண்ணு வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா வரலை?"

"எதுக்கு சிஸ்டர்? பத்துல ஒன்பது பேருக்குத் தானாப் போயிடும், பயப்படாதேன்னு இவங்கதானே சொன்னாங்க." ஈரக் கையால் டாக்டரைக் காட்டினாள். "நானும் பயப்படலை."

டாக்டரின் முகம் வெளிறியது. "உனக்கு ரெண்டு வருஷமா இருக்கும்மா. இன்னும் இருந்தா, புற்றுநோய்..."

"மெதுவாப் பேசுங்க. மாமியார் காதுல விழுந்தா, எவன்கிட்ட வாங்கினேன்னு கேப்பாங்க. நான் வரவே மாட்டேன்."

உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

"நான் சொன்னது பொய்யா சிஸ்டர்? பத்துக்கு ஒன்பது..."

"இப்ப உள்ளே போனது எத்தனை பேர்?"



சகாயமேரி செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். "நான் இங்கேதான் இருக்கேன்மா" என்றாள் கதவிடம். தெருமுனையில், வள்ளிக்கண்ணுவை வேலைக்கு ஏற்றிப்போக வந்த மில் வேன் இரண்டு முறை ஒலியெழுப்பியது. காத்திருந்தது. போய்விட்டது.

கதவு திறந்தது. வள்ளிக்கண்ணு புடவை மாற்றியிருந்தாள்.

"நான் அந்த ஒருத்தியா இருந்தா, சிஸ்டர்?"

"இருந்தா இன்னைக்கே எடுத்துடுவாங்க. நான் பக்கத்துலயே நிப்பேன்."

இருந்தது. மருத்துவமனைச் சோதனையில் தெரிந்தது, இன்னும் புற்றாகாத வெள்ளைத் திட்டு. அதைச் சுட்டு அகற்றும் வரை சகாயமேரியின் விரல்களை வள்ளிக்கண்ணு விடவில்லை.

மாலையில் டாக்டர் கேட்டாள்: "போயிடும்னு சொன்னாலும் வரமாட்டாங்க. புற்றுன்னு சொன்னாலும் வரமாட்டாங்க. வெளியே இன்னொரு பொண்ணு உட்கார்ந்திருக்கா. அவகிட்ட நான் என்னதான் சொல்றது?"

"அடுத்த வருஷம் ஜூன் பதினெட்டு, காலை பத்து மணிக்கு வரச் சொல்லுங்க. வரலைன்னா, 'பத்தொன்பதாம் தேதி உங்க வீட்டுப் படியில நான் உட்கார்ந்திருப்பேன்'னு சொல்லுங்க."

"நீங்க இருப்பீங்கன்னா சொல்லணும், சிஸ்டர்?"

"இல்லை, நீங்க."